வைஃபைக்கு வைத்த சாமி பேர்

"அக்கா, ஒரு பாஸ்வேர்டு சொல்லுங்க" என்று கேபிள் தம்பி கேட்டபோது என் மனதில் என்னதான் இருந்தது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பாத்திரம் கழுவும்போது, பிள்ளைக்குத் தலை சீவும்போது, பலவிதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு பதில் வருகிறது. மறுநாள் அதை நானே நம்புவதில்லை.

ஆழ்வார்குறிச்சியில் கணவர் வீட்டில் இருக்கிறேன். மாமனார், மாமியார், நான், மூன்று வயது மகள். கணவர் தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்விடுவார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதுதான் வீட்டுக்கு வைஃபை வந்தது. கேபிள் தம்பி ரூட்டரைச் சுவரில் மாட்டிவிட்டுக் கேட்ட கேள்விதான் மேலே சொன்னது.

மாமா என்னைக் காட்டி, "படிச்ச பிள்ள அதுதான், அதுகிட்ட கேளுப்பா" என்றார். அடுப்படியில் இருந்து அத்தை குரல் கொடுத்தார்.

"நம்ம சாஸ்தா பேரைப் போடு. வீட்டுக்குள்ள வாரது எதுவா இருந்தாலும் அவரு பேரச் சொல்லித்தான் வரணும்."

எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்கு ஒரு சாஸ்தா உண்டு. அவர்தான் குலதெய்வம். ஒவ்வொரு சாஸ்தாவுக்கும் ஒரு பெயர், ஒரு காடு அல்லது குளத்தங்கரை. பங்குனி உத்திரத்துக்கு எந்த ஊரில் வேலை பார்த்தாலும் வந்து நிற்க வேண்டும். பெயர்களை இங்கே எழுதவில்லை. எழுதினால் எங்கள் வீட்டு வைஃபை தெரு முழுவதற்கும் போய்விடும்.

"சரி அத்தை" என்றேன். கேபிள் தம்பி நீட்டிய போனில் அடித்தேன். "மறந்துராதீங்கக்கா" என்றான். சாமி பேரை யாராவது மறப்பார்களா என்று கேட்டேன். அன்றே எல்லாப் போனையும், டிவியையும், லேப்டாப்பையும், அப்போது வந்திருந்த நாத்தனாரின் போனையும் நானே இணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு யாருக்கும் பாஸ்வேர்டை அடிக்க வேண்டிய தேவை வரவில்லை. சாஸ்தா பேரில் நெட் வருகிறது என்று அத்தை தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம்தான் வினை வந்தது. வளைகுடா நாடுகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்குச் சொல்லித்தரும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். பி.எட். முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறேன் என்று என்னை யாரும் குறை சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பு நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அத்தை. "வீட்ல இருந்துக்கிட்டே பிள்ளையப் பாக்க முடியாம அது என்ன வேல" என்று ஆரம்பித்தவரிடம் பைய பையப் பேசி, "சரி, கிடைச்சாப் பாப்போம்" என்ற இடத்துக்குக் கொண்டுவருவதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எல்லாம்.

மாதிரி வகுப்புக்கு நாள் குறித்தார்கள். போனில் நடத்தக் கூடாது, லேப்டாப்பில்தான், திரையில் எழுதிக் காட்ட வேண்டும் என்றார்கள். அதற்கு முந்தின வாரம் மகள் லேப்டாப்பில் சத்துமாவுக் கஞ்சியைக் கவிழ்த்தாள். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கொடுத்தோம். வகுப்புக்கு முந்தின நாள் மத்தியானம்தான் மாமா போய் வாங்கி வந்தார். "எல்லாத்தையும் அழிச்சுப் புதுசு மாதிரி ஆக்கிட்டோம்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னாராம். அழித்ததில் வைஃபையும் போய்விட்டது.

அதனால் என்ன, சாமி பேர்தானே. அடித்தேன். தவறு என்றது.

பெரிய எழுத்தில் ஆரம்பித்து அடித்தேன். எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக அடித்தேன். பின்னால் ஒன்று இரண்டு மூன்று சேர்த்தேன். வீட்டுக் கதவு எண்ணைச் சேர்த்தேன். தவறு, தவறு, தவறு. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

"நீ அமுக்குத வேகத்துல அது பயந்துபோவும். பைய அமுக்கு."

"பையத்தான் மாமா அமுக்குதேன்."

அத்தை அடுப்படி வாசலுக்கு வந்தார். "சாமி பேர்ல என்ன தப்பு வரும்?"

கணவருக்குப் போன் செய்தேன். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்து வெளியே வந்து பேசினார்.

"ஏளா, ரூட்டர் முதுகுல ஒட்டியிருக்கும் பாரு."

"பாத்தாச்சு. அது கம்பெனிக்காரன் வச்சது. அத நாம மாத்திட்டோம்லா."

"நாம இல்ல. நீ."

ஒயர் போட்டு இணைக்கச் சொன்னார். இந்த லேப்டாப்பில் அந்த ஓட்டையே கிடையாது. போனில் இருந்து நெட்டைப் பகிரச் சொன்னார். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். மொட்டைமாடியில் வரும், அங்கே பக்கத்து மாவு மில்லின் சத்தமும் சேர்ந்து வரும். ரூட்டரின் உள்பக்கம் போய்ப் பார்க்கலாமென்று போனில் திறந்தேன். அது தனக்கென்று வேறொரு பாஸ்வேர்டு கேட்டது. அதை யார் வைத்தார்கள் என்பது சாமிக்கே வெளிச்சம்.

கேபிள் தம்பியைக் கூப்பிட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"அக்கா, நான் ஏரல் ஊர்ல ஒரு கல்யாண வீட்ல இருக்கேன். நாளைக்கு ராத்திரிதான் வருவேன்."

"ரூட்டர் பின்னால இருக்க சின்ன ஓட்டையில குச்சி வச்சுக் குத்தினா பழையபடி ஆயிரும்னு சொல்லுதாங்களே?"

"குத்திராதீங்க. குத்தினா இப்போ போன்ல வாரதும் போயிரும். நான் வந்து திரும்பப் போட்டாத்தான் வரும். சாமி பேரு வச்சீங்கள்லா அன்னைக்கு? அதையே நல்லா யோசிச்சு அடிங்க."

நல்லா யோசித்தேன். மகளின் பிறந்தநாளை அடித்தேன். கணவர் பெயர், என் பெயர், என் கல்லூரி, எங்கள் பழைய பசுமாட்டின் பெயர்கூட. வகுப்பைத் தள்ளிவைக்கச் சொல்லி அவர்களுக்கு ஒரு செய்தி எழுதினேன். பொறுப்பில்லாதவள் என்று நினைப்பார்களோ என்று அழித்தேன். எதற்கும் இருக்கட்டுமென்று மறுபடி எழுதி அனுப்பாமல் வைத்தேன். இதற்குள் மகள் வந்து மடியில் ஏறி இரண்டு முறை அவளும் அடித்துப் பார்த்துவிட்டாள். அவளுக்கும் தவறு என்றுதான் வந்தது. எனக்கு அதில் ஒரு சின்ன ஆறுதல்.

அத்தைக்கு மட்டும் ஒன்று உறுத்திவிட்டது.

"பிள்ள பொறந்தநாள் எதுக்கு அடிக்க? அப்போ சாமி பேரு வைக்கலியா நீ?"

"வச்சேன் அத்தை."

"வச்சா வரணும்லா."

சத்தியமாக வைத்தேன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பொய் சொல்லவில்லை.

கடைசியில் வழி என் கையிலேயே இருந்தது. என் போன் இணைந்துதானே இருக்கிறது, அதற்குப் பாஸ்வேர்டு தெரிந்துதானே இருக்க வேண்டும்? அமைப்புகளுக்குள் போய் எங்கள் வைஃபை பெயரைத் தொட்டால் 'பகிர்' என்று ஒன்று இருந்தது. திரைப் பூட்டின் எண்ணைக் கேட்டது; கொடுத்தேன். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கியூஆர் கட்டம் வந்தது. எழுத்து ஒன்றுமில்லை. புதிய போன்களில் கீழேயே எழுத்தும் வருமாம். என் போன் பழசு. மாமா தன் போனின் கேமராவைக் காட்டினார். 'ஏற்கெனவே இணைக்கப்பட்டுள்ளது' என்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இரு, இரு" என்றார் மாமா. அவர் முன்பு உரக்கடை வைத்திருந்தவர். உர மூட்டையில் இருக்கும் கட்டத்தைப் படிக்க ஒரு செயலி போட்டு வைத்திருந்தார். அது வைஃபையில் இணைக்கப் பார்க்காது, கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே காட்டும். என் போன் திரையை அதன் முன் நீட்டினேன். மாமா போனில் ஒரு நீள வரி வந்தது. முதலில் என்னென்னவோ, பிறகு எங்கள் வைஃபையின் பெயர், பிறகு 'பி' என்று போட்டு இரண்டு புள்ளி.

"அந்த 'பி'க்கு அப்புறம் இருக்கதுதான் மாமா. போனக் குடுங்க."

குடுக்கவில்லை. "நான் வாசிக்கேன். நீ அங்கன அடி."

மாமா ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக, கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்குப் பேர் சொல்வதுபோல, நிறுத்தி நிறுத்தி உரக்கச் சொன்னார். மூன்றாவது எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கை நின்றுவிட்டது.

"அடிக்கியா?"

"அடிக்கேன் மாமா."

முழுதும் வாசித்துவிட்டு, மாமா அத்தோடு விட்டிருக்கலாம். எழுத்தையெல்லாம் கூட்டி, பெயராக ஒருமுறை சொன்னார். அதற்குப் பின்னால் இருந்த எங்கள் கல்யாண வருஷத்தையும் சொன்னார். லேப்டாப் இணைந்துவிட்டது.

அத்தை கையில் அரிந்த பாகற்காயோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அது உங்க அப்பா வீட்டுச் சாஸ்தால்லா."

மாமா போனை மடியில் வைத்துவிட்டு, "எந்தச் சாஸ்தாவா இருந்தா என்ன, நெட் வருதுல்லா" என்றார். அத்தை அவரைப் பார்க்கவே இல்லை. "பிள்ளைக்குக் கஞ்சி ஆறுது, குடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அத்தையோடு மனதுக்குள் வாதாடிப் பார்த்தேன். வைஃபை வந்த வாரம்தான் பங்குனி உத்திரம். கல்யாணத்துக்குப் பிறகு நான் நிற்க வேண்டியது கணவர் வீட்டுச் சாஸ்தா முன்னால். நின்றேன், பொங்கல் வைத்தேன், குறை வைக்கவில்லை. எல்லாச் சாஸ்தாவுக்கும் ஒரே நாள்தான் உத்திரம். அதனால் அப்பா வீட்டுக் கோயிலுக்கு அந்த நாளில் என்னால் இனி எந்த வருஷமும் போக முடியாது. அந்த வருஷம் அம்மா அங்கிருந்து படம் படமாக அனுப்பியிருந்தார். அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேனா? இருக்கலாம். அல்லது சின்ன வயதிலிருந்து பரீட்சைத் தாளின் மேல் எழுதிப் பழகிய பெயர், சாமி பேர் என்றதும் விரல் தானாக அங்கே போயிருக்கலாம். அல்லது வேண்டுமென்றே செய்தேனா? இதுதான் எனக்குத் தெரியவில்லை. அத்தை கேட்டிருந்தால் இதில் எதையாவது சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

வகுப்பு மறுநாள் காலையில். பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள் என்று அத்தையிடம் மறுபடி கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பெடுக்கலாம், அவள் கதவைத் தட்டினால் தட்டட்டும் என்று முடிவுசெய்திருந்தேன். காலையில் பார்த்தால் மகளுக்குச் சட்டை மாற்றி, தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டி, அத்தை வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பெரியம்ம வீட்டுக்குப் போறோம். ஆடு குட்டி போட்டிருக்காம்."

என்னிடம் சொல்லவில்லை, மகளிடம் சொன்னார். போய்விட்டார்கள். நான் பின்னங்கள் நடத்தினேன். எப்படி நடத்தினேன் என்று கேட்காதீர்கள். ஒரு பூரியை நான்காக வெட்டிக் காட்டியது மட்டும் நினைவிருக்கிறது. வெயில் ஏறித் திரும்பி வந்த அத்தை, "முடிஞ்சுதா?" என்றார். முடிந்தது என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

வேலை கிடைத்தது. மத்தியான வகுப்புகள். அத்தை பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார், ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. அந்தப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போன வாரம் நாத்தனார் புதுப் போனோடு வந்தார். வந்த கையோடு, "மதினி, வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்று கூடத்தில் இருந்து கேட்டார். நான் அடுப்படியில் மிக்ஸியைப் போட்டேன். தேங்காய் எப்போதோ அரைந்துவிட்டது, அப்படியும் ஓடவிட்டேன். நிறுத்தியபோது அத்தைதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவ அப்பா வீட்டுச் சாமி பேரு. பின்னால உங்க அண்ணன் கல்யாண வருஷம்."

"ஏன், நம்ம சாமிக்கு என்னாச்சு?"

"அவரு கோயில்ல இருக்காரு."

நாத்தனார் சிரித்தார். அத்தை சிரித்தாரா என்று அடுப்படியில் இருந்து தெரியவில்லை. எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அந்தக் குரலில் குத்தல் இருந்ததா, இல்லையா? அன்று முழுவதும் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

இப்போது பாஸ்வேர்டை மாற்றுவது எப்படி என்று எனக்குத் தெரியும். கேபிள் தம்பி வந்து ரூட்டரின் உள்பாஸ்வேர்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டான். மாற்றும் பக்கத்தைத் திறக்கிறேன், மூடுகிறேன். அத்தை சொன்ன சாஸ்தாவின் பெயரை வைத்துவிட்டால், அன்று வேண்டுமென்றே செய்தேன் என்று நானே ஒப்புக்கொண்டதுபோல ஆகாதா? போதாததற்கு, இவ்வளவு நாள் காத்த சாமியை நானே வீட்டைவிட்டு வெளியே அனுப்பியதாகவும் ஆகும். மாற்றாமல் விட்டால், யார் வந்து கேட்டாலும் அத்தை அதைச் சொல்ல வேண்டும், நான் மிக்ஸியைப் போட வேண்டும். கணவரைக் கேட்டால், "நெட் வருதுல்லா, விடு" என்கிறார். அப்பாவும் மகனும் ஒரே மாதிரி. அம்மாவைக் கேட்டேன், "உடனே மாத்திரு" என்று சொல்லி, சற்று நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, "இல்ல, மாத்தாத" என்றார்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது எனக்கொரு வழி சொல்லுங்கள். மாற்றட்டுமா, அப்படியே விடட்டுமா? அத்தையிடம் நேரே கேட்டுவிடு என்று சொல்வீர்களானால், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாமியாராக இருப்பவர்கள் சொன்னால் இன்னும் நல்லது.