ஊசிக்குப் பயந்த மாமா

ஐப்பசி மழை இறங்குவதற்குள் எங்கள் வீட்டில் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டாக வேண்டும். அம்மாவின் தம்பி, என் மாமா, உடம்புக்கு முடியாமல் எங்களோடு தங்கியிருந்தார். அவருக்குக் காய்ச்சல் கண்டால் உயிருக்கே ஆபத்து, வீட்டில் யாரும் அவருக்கு ஒட்டவைத்துவிடாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

எட்டு வயதில் நான் நன்றாகச் சட்டம் பேசுவேன். காய்ச்சலே இல்லாதவளுக்கு எதற்கு ஊசி, அதுதான் போன வருடமே போட்டாயிற்றே என்றேன்.

"போன காய்ப்புக்கு அடிச்ச மருந்து இந்தக் காய்ப்புக்கு நிக்குமா? காய்ச்சலும் வருசத்துக்கு வருசம் வேற மாதிரியில்ல வருது" என்றார் திராட்சை விவசாயியான அப்பா. நான் அவருடைய திராட்சைப் பந்தலுக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டேன்.

தேடி வந்தது மாமாதான். மூச்சு வாங்க என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆத்தா, எனக்கும் ஊசின்னாப் பயந்தான். நீ வந்து கையப் பிடிச்சுக்கிட்டாப் போட்டுக்கிருவேன். இல்லையா, நானும் இங்கனயே ஒளிஞ்சுக்கிறேன்."

மீசை வைத்த மனிதர் இப்படிக் கெஞ்சினால் என்ன செய்வது? எனக்குப் பொறுப்பு வந்துவிட்டது. அப்பா பைக்கில் முன்னால் போக, பஸ்ஸில் மாமாவையும் அம்மாவையும் நான்தான் உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன் என்றே எனக்கு நினைப்பு.

மாமா வலது கையை மட்டும்தான் நீட்டினார். இடது கையை யாரையும் தொட விடமாட்டார். என்னை மட்டும் அதில் காதை வைக்க விடுவார்; உள்ளே விர்ரென்று சத்தம் கேட்கும். வண்டு ஒன்று குடியிருப்பதாக நம்பியிருந்தேன்.

நர்ஸ் ஊசியை எடுத்ததும், "யாத்தே, எம்புட்டுப் பெருசு!" என்று கண்ணை இறுக மூடினார்.

"பயப்படாதீக மாமா, இங்க பாருங்க" என்று நானே முதலில் போட்டுக்கொண்டேன். சுருக்கென்றது, அவ்வளவுதான். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கும் பயம்போல என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வருடாவருடம் மாமாவுக்குத் தைரியம் சொல்லி அழைத்துப் போவது என் வேலையாயிற்று. அவ்வளவு பிரியம் எனக்கு அவர்மேல்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அவர் தேனிக்குப் போய்ச் சோர்ந்து திரும்புவது ஏதோ வேலைக்காக என்றே எண்ணியிருந்தேன். அங்கே ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு இணைத்து அவரைப் படுக்கவைப்பார்கள் என்பதும், அதற்காகவே ரத்தக்குழாய்களை இணைத்துவைத்ததால் விர்ரென்ற, வண்டு குடியிருந்த அந்தக் கையில் கோணி ஊசிபோலத் தடித்த இரண்டு ஊசிகளை ஒவ்வொரு முறையும் ஏற்றுவார்கள் என்பதும், அப்போதெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொள்ள யாரும் இருந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியாது.