வீட்டுக்கு ஒரே போன்

வைசாகே சாதுவானவன் என்று பிஜித் தீவின் லம்பாசா ஊரில் சொல்லித் திரிகிறவர்கள் அவனை அந்த வியாழக்கிழமை பார்த்திருக்க வேண்டும்.

ஆண்களை விரும்பும் ஆண்கள் துணை தேடும் செயலிகளில் உட்கார்ந்து, வருகிறவனிடம் பேச்சுக் கொடுத்து, எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் தடுப்பு மாத்திரைக்கும் அழைத்து வருவது அவன் வேலை. அவனும் அவர்களில் ஒருவன். அதனால்தான் நம்பிப் பேசினார்கள். சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் ஏரோனி மட்டும் மூன்று மாதம் இழுத்தடித்தான். மாமா வீட்டில் தங்கியிருந்தான். அங்கே எல்லாருக்கும் சேர்த்து ஒரே போன். ஞாயிறு காலை மற்றவர்கள் சர்ச்சுக்குப் போன பிறகுதான் எழுதுவான். ஒருவழியாக வந்தான். நோய் இல்லை என்று தெரிந்ததும் மாத்திரையைத் தொடங்கினான்.

அதற்குள் தலைநகர் அலுவலகத்துக்கு ஒரு யோசனை உதித்தது: மாத்திரையை நினைவூட்டித் தானாகவே குறுஞ்செய்தி போகும். போன் எண் எழுதாமல் படிவம் நகராது. இங்கே போன் ஒருத்தனுடையது இல்லை என்று வைசாகே கூட்டத்தில் தொண்டை வற்றக் கத்தினான். செய்தியில் ஆள் பெயரும் இருக்காது, நோயின் பெயரும் இருக்காது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். அதை நம்பி, ஏரோனியின் படிவத்தில் மாமா வீட்டு எண்ணை வைசாகேதான் எழுதினான்.

திங்கள் மாலை மாமா வீட்டில், யங்கோனா என்ற போதை வேர்ப் பானம் கரைத்த சட்டியைச் சுற்றி ஆறு பேர். மாமா கையில் போன், அதில் ரக்பி ஆட்டம். நடுவில் வந்து விழுந்தது: 'ஏரோனி, உங்கள் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை நேரம்.' மாமா அதை எல்லாருக்கும் கேட்க வாசித்தார். மாத்திரைக் குப்பி ஆற்றுக்குப் போனது, ஏரோனி தெருவுக்கு.

வியாழன்தான் ஆலை ஆள் ஒருவன் சொல்லி வைசாகேவுக்குத் தெரிந்தது. தலைநகருக்குப் போன் போட்டான். செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது, கணினியில் பச்சைக் குறி விழுந்திருக்கிறது என்றார் அதிகாரி.

"பச்சையா? அவன வீட்ட விட்டுத் துரத்தியாச்சு சார். அதுக்கு உங்ககிட்ட என்ன கலர் இருக்கு?"

அரை மணி நேரம் வாய்க்கு வந்தபடி திட்டினான். வேலை போனால் மயிரே போச்சு என்று போனை வைத்துவிட்டு, வேகாத வெயிலில் ஆலை வாசலுக்கு ஓடினான்.

வரிசையில் நின்ற ஒரு கரும்பு லாரியின் நிழலில் ஏரோனி உட்கார்ந்திருந்தான். மூன்று இரவும் லாரியில்தான் படுக்கை. வைசாகே மூச்சு வாங்க நின்று, தலைநகரத்துக்காரன் ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கிழித்தான். எல்லாம் ஓய்ந்த பிறகு ஏரோனி கேட்டான்.

"நம்பர எழுதுனது யாரு மச்சான்?"

வைசாகே லாரி நிழலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சரி விடு. மூணு நாளா மாத்திர போடல. கொண்டாந்தியா?"

வைசாகே கால்சட்டையின் இரண்டு பைகளிலும் கைவிட்டுத் தேடினான். போன் மட்டும்தான் இருந்தது.