எந்தப் பக்கத்திலிருந்து ஐந்து?

பதுளை பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஜெயரூபன் வரிசையாக நிற்கும் பஸ்களை எண்ணுகிறான். வலப்பக்கத்திலிருந்து ஒருமுறை, இடப்பக்கத்திலிருந்து ஒருமுறை. பசறை பஸ் வலமிருந்து நான்காவது, இடமிருந்து ஏழாவது. இரண்டு கணக்கும் தலைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் தோளில் கிடக்கும் பையை இறக்கி வைப்பான். பஸ் என்றில்லை, கடை மேசை, கோயில் படி, கொடியில் காயும் சட்டை, எது வரிசையாக இருந்தாலும் இரண்டு முனையிலிருந்தும் எண்ணியாக வேண்டும்.

"ஓ எல் சோதனையில கணக்குப் பெயிலானவன நம்பி நாட்டக் குடுத்திருக்காங்க மச்சான்," என்கிறான் ஸரூக். பசறையில் போன் கடையில் வேலை செய்பவன். பக்கத்தில் தன் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு சிரிப்பவன் சதீஸ்குமார். மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தின் ஒரே கடைசி வாங்கு. மாதத்தில் ஒரு சனி, ஒரு ஞாயிறு ஜெயரூபனுக்கு லீவு. அந்த இரண்டு நாளும் மற்ற இருவருக்கும் வேலைவெட்டி கிடையாது.

ஜெயரூபனுக்கு இருபத்து மூன்று வயது. முடியை ஒட்ட வெட்டியதில் காது இரண்டும் கதவைத் திறந்து வைத்த கார் மாதிரி நிற்கும். கொழுந்து எடுக்கிற அம்மாவுக்கு விடிந்தால் பெரட்டு. வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டுத்தான் மலைக்கு ஏற வேண்டும். அந்த வரிசையே வேண்டாம் என்று பட்டாளத்துக்கு ஓடினான். அங்கேயும் விடிந்தால் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிறார்கள். "அம்மா கூடையோட நிக்குது, நான் துவக்கோட நிக்கிறேன். அவ்வளவுதான்," என்பான்.

முன்பெல்லாம் லீவில் வந்தால் நேரே கொத்து ரொட்டிக் கடைதான். இப்போதும் போகிறார்கள். ஆனால் ரொட்டி கொத்துகிற இரண்டு தகட்டையும் பிடித்து இரும்புக் கல்லில் மாஸ்டர் 'டக டக'வென்று அடிக்கத் தொடங்கியதும் ஜெயரூபன் எழுந்து ரோட்டைக் கடந்து எதிர்க்கடையில் போய் நிற்கிறான். கொத்து கோப்பைக்கு வந்து, சத்தம் அடங்கிய பிறகுதான் திரும்புவான். "ஆமிச் சாப்பாடு சாப்பிட்டு இவருக்கு எங்க சாப்பாடு சத்தமாப் போச்சு," என்று ஸரூக் கிண்டலடித்தான். சதீஸ்குமார் தன் கொத்திலிருந்த முட்டையைப் பொறுக்கி நண்பனின் கோப்பையில் வைத்தான். ஒவ்வொரு லீவிலும் வைக்கிறான்.

அது ஏன் என்பது ஆட்டோவின் பின்பக்கம் எழுதியிருக்கிறது. மேலே, 'அம்மா கருப்பம்மா துணை'. கீழே சின்ன எழுத்தில், 'நன்றி: ஜெயரூபன், இராணுவம்'. ஸரூக் தன் கடையில் வெட்டி ஒட்டிய ஸ்டிக்கர். பூப்போட்ட கரை வேறு. பசறைக்கும் பதுளைக்கும் நடுவே உள்ள அத்தனை வளைவிலும், பின்னால் வருகிற லொறிக்காரன் எல்லாம் ஜெயரூபனுக்கு நன்றி வாசித்துக்கொண்டு வருகிறான். ஜெயரூபன் அந்த ஆட்டோவில் ஏறும்போது பின்பக்கமாகப் போவதே இல்லை. முன்னால் சுற்றிக்கொண்டு வந்து ஏறுவான்.

போன கார்த்திகை அடைமழையில், ஒரு விடியற்காலை, மலை சரிந்து, தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் சதீஸ்குமாரின் லயம் மண்ணுக்குள் போனது. குடும்பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு காம்பரா, ஒரே வரிசை. தப்பிய சனத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தோண்டுவதற்குப் பட்டாளத்தை இறக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவன் ஜெயரூபன் ஒருவன்தான். அதே தோட்டத்து மேல் டிவிசன் பிள்ளையும்கூட. ஆள் எந்த இடத்தில் என்று பட்டாளத்து அதிகாரி சேர் கேட்டார். அப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்ற சதீஸ்குமார் போனில் அழுதான். "அஞ்சாம் காம்பராடா. அம்மா உள்ளுக்குத்தான் இருக்கு. நீ இருக்கல்ல, எடுத்துருடா."

மேல் டிவிசனில் காம்பராவை ரோட்டுப் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். பிறந்ததிலிருந்து ஜெயரூபன் அப்படித்தான் எண்ணியிருக்கிறான். அன்றைக்கும் அப்படியே ஐந்து எண்ணி, "இங்க," என்று கையைக் காட்டினான். கீழ் டிவிசனில் பீலிப் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். தண்ணீர் பிடிக்கிற இடத்துக்குக் கிட்ட இருப்பவன்தான் அங்கே முதல் வீட்டுக்காரன். அதைச் சொல்ல அங்கே அந்த லயத்து ஆள் ஒருவரும் இல்லை.

ஏழு மணி நேரம் தோண்டினார்கள். நடுவில் பீலிப் பக்கமிருந்து 'டொக், டொக்' என்று ஒரு சத்தம். சேர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தி, என்ன அது என்றார். மழைத் தண்ணீர் தகரத்தில் விழுகிறது என்று சிங்களத்தில் பதில் சொன்னவன் ஜெயரூபன். மறுபடி மண்வெட்டிகள் எழும்பின. பின்னேரம் ஒரு சுவர் தெரிந்தது. அதில் யாரோ வேறொரு குடும்பத்தின் கல்யாணப் படம் தொங்கியது. அந்த நேரத்துக்குள் 'டொக், டொக்' நின்றுபோயிருந்தது.

மறுமுனையிலிருந்து எண்ணித் தோண்டியபோது, குழிக்குள் முதலில் இறங்கியவனும் அவன்தான். சதீஸ்குமாரின் அம்மா கருப்பம்மா அடுப்படி மூலையில் உட்கார்ந்திருந்தாள். கூரை மரம் ஒன்று சாய்ந்து அவளுக்கு மேலே குடை பிடித்த மாதிரி நின்றது. இடது கையில் சட்டி மூடி. வலது கையில் கரண்டி. மூடி முழுக்கக் குழி குழியாக இருந்தது. கரண்டியின் தலை மடங்கியிருந்தது. ஜெயரூபன் மூடியை மண்ணுக்குள் காலால் மிதித்தான். கரண்டியைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டான். மூன்றாம் நாள் ரோடு திறந்து சதீஸ்குமார் வந்து சேர்ந்தபோது, "தூக்கத்துலயே போயிருச்சுடா. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது," என்றான். சதீஸ்குமார் அவன் காலில் விழப் பார்த்தான்.

அந்தக் கரண்டி இப்போதும் அவன் பையின் அடியில், துவாயில் சுற்றிக் கிடக்கிறது. முகாமுக்கும் வருகிறது, லீவுக்கும் வருகிறது.

ஞாயிறு காலையில் மூவரும் ஓடைக்குக் குளிக்கப் போனார்கள். வெயிலில் பாறைமேல் ஜெயரூபனுக்குக் கண் அசந்தது. ஸரூக் காதுக்குள் வாயை வைத்து, "பெரட்டு!" என்று கத்தினான். ஈரச் சாரத்தோடு துள்ளி எழும்பி, விறைப்பாக நின்று, சாரம் அவிழ்ந்து விழ, அதைப் பிடிப்பதா விறைப்பாக நிற்பதா என்று தவித்தானே, மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜெயரூபனும்தான். அப்படி அவன் சிரித்து ஐந்து மாதம் இருக்கும்.

அந்தச் சந்தோஷத்தில் சதீஸ்குமார் வெறும் பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு குச்சியால் அடிக்கத் தொடங்கினான். திருவிழாவில் தப்படித்த கை. அடி சுத்தமாக விழுந்தது. நாலாவது அடியில் ஜெயரூபன் தகரத்தைப் பிடுங்கி ஓடைக்குள் எறிந்தான்.

தகரம் தண்ணீரில் உருண்டு போவதை மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அங்க உன்னய அடிக்கிறாங்களாடா?" சதீஸ்குமார் மெதுவாகக் கேட்டான்.

"இல்லடா."

"அப்ப என்ன? எங்கிட்ட சொல்லாம யாருகிட்டடா சொல்லப் போற? எனக்கு யாரு இருக்கா, நீதான?"

ஜெயரூபன் வாயைத் திறந்தான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்பதுதான் வெளியே வந்தது.

பஸ் நிலையத்தில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. திங்கள் விடியப் பேர் கூப்பிடும்போது அவன் வரிசையில் நிற்க வேண்டுமென்றால் இந்த பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை. சதீஸ்குமார் சோற்றுப் பார்சலை ஜன்னல் வழியாக மடியில் வைத்தான். "முட்ட ரெண்டு இருக்கு. ஸரூக்குக்குத் தெரியாம வாங்குனது."

"எனக்குத் தெரியும்டா," என்றான் ஸரூக்.

ஜெயரூபன் இருக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தான். முன்னாலிருந்து எண்ணி முடித்து, பின்னாலிருந்து தொடங்கும்போது, புறப்படச் சொல்லி சதீஸ்குமார் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான்.

டொக், டொக்.

நகரத் தொடங்கிய பஸ்ஸிலிருந்து பையோடு குதித்தான். கொண்டக்டர் சிங்களத்தில் ஏதோ திட்டினான். பஸ் போய்விட்டது. "டேய், பைத்தியமா உனக்கு? நாளைக்கு ஒன்னய உரிச்சுப்புடுவாங்க," என்று சதீஸ்குமார் ஓடிவந்தான்.

ஜெயரூபன் ஆட்டோவின் பின்பக்கமாக வந்து, தன் பேர் ஒட்டியிருந்த இடத்துக்குக் கீழே, ஈர மண்ணில் குந்தினான். பைக்கு அடியில் கையை விட்டுத் துவாயை எடுத்துப் பிரித்தான். கோயில் சமையலில் மாறிப் போகாமலிருக்க ஆணியால் 'கரு' என்று கீறி வைத்த கரண்டி. அதன் காம்பால் பன்னிரண்டு கட்டம் கீறினான். ஒரு முனையில் ரோட்டுக்கு ஒரு கோடு, மறுமுனையில் பீலிக்கு ஒரு கோடு. ரோட்டுப் பக்கத்திலிருந்து எண்ணி, ஐந்தாவது கட்டத்தில் தன் விரலை ஆழமாகப் பதித்தான். பிறகு பீலிப் பக்கத்துக்கு நகர்ந்து, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்து, ஐந்தாவது கட்டத்தில் கரண்டியை வைத்துவிட்டுக் கையை எடுத்தான்.