ஏழு துளையையும் முகர்ந்து பார்ப்பவர்

வண்டியையும் ட்ரெய்லரையும் இணைக்கும் வயரின் பிளக்கைக் கையில் எடுத்ததும் முதலில் முகர்ந்து பார்க்கிறார். ஏழு துளைகளையும், ஒவ்வொன்றாக. கருகிய வாடை வராவிட்டால் சந்தேகம் இன்னும் கூடுகிறது. "வாசனையே இல்லையே... எவனோ தொடச்சு வச்சிருக்கான்" என்கிறார்.

வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் ட்ரெய்லர்களின் கரண்ட் பிரேக்கைச் சரிபார்ப்பது அவர் தொழில். முனையில் குட்டி பல்பு உள்ள ஊசியைப் பேனா மாதிரி சட்டைப்பையில் செருகியிருப்பதால் பட்டறைத் தெருவில் அவருக்கு 'டெஸ்ட் லைட்' என்று பெயர். வண்டிக்காரர்கள் சொல்வதை அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. "நான் ஒண்ணுமே தொடலண்ணே" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், "அப்ப நீதான்" என்று முடிவு கட்டிவிடுவார். டீயில் சர்க்கரை போட்டாயிற்று என்று மனைவி சொன்னாலும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்காமல் குடிக்க மாட்டார்.

இன்று வந்திருப்பவர் தங்கையின் கணவர். டைல்ஸ் பெட்டிகளை ட்ரெய்லரில் ஏற்றி, பிக்கப்பில் கட்டி இழுத்துப் போய் இறக்குகிறவர். தங்கையும் முன்சீட்டில் கூடவே போவாள்; இன்றும் வந்திருக்கிறாள். போன வாரம் பள்ளிக்கூட இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது. மதில் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றார்களாம்.

"இறங்க ஆரம்பிக்கிறப்பகூட ஸ்டியரிங் பக்கத்துல பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு மச்சான். அது எரிஞ்சா கனெக்‌ஷன் சரின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எத்தனை பெட்டி கூட ஏத்துனீங்க மாப்ள? உண்மையச் சொல்லுங்க."

"அளவாத்தான் ஏத்துனோம்ணே" என்றாள் தங்கை. அவளையும் அவர் நம்பவில்லை. புருஷனை எங்கே விட்டுக்கொடுக்கப் போகிறாள்?

ஜாக்கி வைத்துத் தூக்கிய சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, உள்ளேயிருந்து பிரேக் விசையை அழுத்தச் சொன்னார். சக்கரம் கப்பென்று நின்றது. எல்லாம் ஒழுங்காக இருந்ததுதான் உறுத்தியது. பிளக்கைக் கழற்றாமல், பிக்கப்பின் இரும்புக் குண்டின் மேல் உட்கார்ந்திருந்த ட்ரெய்லரின் மூக்கை மட்டும் கொக்கியை விடுவித்து மேலே தூக்கினார். பச்சை விளக்கு அணைந்தது.

ஆக, இத்தனை நாளும் கரண்ட் திரும்பி வந்தது எர்த் வயர் வழியாக அல்ல. குண்டும் மூக்கும் உரசுகிற இடம் வழியாக. குலுக்கலில் அந்த உரசல் விட்டால் பிரேக்கும் போச்சு.

"எர்த்த எவனோ நோண்டியிருக்கான்" என்று முனகிக்கொண்டே மல்லாந்து அடியில் நுழைந்தார். "யார்கிட்ட விட்டீங்க மாப்ள?"

"உங்களத் தவிர யாரு மச்சான் இதுல கை வச்சா?"

எர்த் போல்ட்டைக் கழற்றினார். அடியில் கரண்டைக் கடக்க விடாத சாம்பல் நிறப் பெயின்ட், ஒரு கீறல்கூட இல்லாமல். மூன்று மாதத்துக்கு முன் துருப்பிடிக்காமலிருக்க அதை அடித்தவர் அவர்தான். இரும்பு தெரியச் சுரண்டாமல் அதன் மேலேயே வயரை முடுக்கியவரும் அவர்தான். இதே தப்புக்காக எத்தனையோ பேரைக் கிழி கிழியென்று கிழித்திருக்கிறார். வெட்கத்துக்கு முந்தி பயம் வந்தது. மதிலும் அந்த ஒரு முழமும் கண்ணிலேயே நின்றன.

"கண்டுபிடிச்சிட்டியாண்ணே?"

இரும்பு வெளுக்கும்வரை சுரண்டினார். வயரை முடுக்கி, மூக்கை மறுபடி தூக்கிப் பார்த்தார். விளக்கு அணையவில்லை. இறக்கி, கொக்கியைப் பூட்டினார்.

"நாந்தான் மாப்ள. என் தப்புதான்" என்றார், இருவர் முகத்தையும் பார்க்காமல்.

தங்கை அதற்குள் முன்சீட்டில் ஏறியிருந்தாள். அவர் போய் அந்தக் கதவைத் திறந்தார்.

"நீ இறங்கு."

அவள் இறங்கியதும் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"பள்ளிக்கூட இறக்கத்துக்கு விடுங்க மாப்ள."