புளி போட்டுத் தேய்த்த தட்டுகள்

எங்கள் கோயில் பித்தளைச் சாமான்களை நான் துலக்குகிற மாதிரி திண்டிவனத்தில் யாரும் துலக்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. வாயைத் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நடவு, களையெடுப்பு, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குகிற வேலை. முழங்கால் விட்டுப்போன பிறகு மாதா கோயிலைப் பெருக்கித் துடைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பீடத்து மெழுகுதிரித் தண்டு ஆறும் தங்கம் மாதிரி நிற்கும். கடைசித் தூணுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். எனக்கு அது போதும்.

அந்தக் கர்வம்தான் என்னைத் தலைகுனிய வைத்தது.

வருஷத் திருவிழாவுக்கு விழுப்புரத்திலிருந்து ஒருவர் வந்து டிரம்ஸ் அடிப்பார். அங்கே தையல் கடை வைத்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். டிரம்ஸ் எங்கள் கோயிலுடையதுதான். ஆனால் கம்பியில் மாட்டி அடிக்கிற தட்டுகளை மட்டும் தன்னுடையதையே கொண்டுவருவார். பெரிய தட்டு ஒன்று. காலால் மிதித்தால் ஒன்றன்மேல் ஒன்று மூடிக்கொள்கிற சின்ன ஜோடி ஒன்று. வட்டமான பையில் போட்டு, பஸ்ஸில் பிள்ளையை வைத்துக்கொள்வது போல மடியில் வைத்துக்கொண்டு வருவார்.

போன வருஷத் திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் வந்து தட்டுகளை மாட்டினார். பாட்டுக் குழுவோடு கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்தார். பிறகு பெருமுக்கலில் இருக்கிற மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார். கோயிலில் நான் மட்டும் இருந்தேன். மெழுகுதிரித் தண்டு, தூபக்கலசம், பீடத்து மணி எல்லாம் துலக்கி வெயிலில் கவிழ்த்தாகிவிட்டது. கரைத்த புளி இன்னும் பாதிச் சட்டி மிச்சமிருந்தது.

அப்போதுதான் அந்தத் தட்டுகளைப் பார்த்தேன். கறுத்துப் போயிருந்தன. ஓரமெல்லாம் விரல் தடம். நடுவில் பச்சை பூத்த மாதிரி ஒரு களிம்பு. வெளியூர் ஜனம் எல்லாம் வரும், பீடத்துக்குப் பக்கத்திலேயே இப்படி அழுக்காக நின்றால் துலக்குகிறவளைத்தானே சொல்வார்கள் என்று நினைத்தேன். டிரம்ஸ் அடிக்கிற தம்பிக்குத் துலக்கி வைத்தால் காலையில் வந்து பார்த்து அசந்துபோவார் என்றும் நினைத்தேன். அதை மறைக்கக் கூடாது. ஒரு நல்ல வார்த்தைக்கு ஆசைப்பட்டுத்தான் கை வைத்தேன்.

மேலே இருந்த திருகாணியைக் கழற்றி, மூன்றையும் கொல்லைக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். புளியைப் பூசி ஊறவிட்டு, சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன். தட்டில் மெல்லிசாகக் கோடு கோடாக வரி ஓடியிருந்தது. அந்த வரிக்குள் இருந்த கறுப்பு போகவில்லை. இரும்பு நாரை எடுத்தேன். மேலே இங்கிலீஷில் ஏதோ கறுப்பாக எழுதியிருந்தது. புதுப் பாத்திரத்தில் கடைக்காரன் ஒட்டுகிற சீட்டு போல இதையும் எடுக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன். சுலபத்தில் போகவில்லை. விடாமல் தேய்த்துப் போக்கினேன். பெரிய தட்டின் அடியில் பழைய துணி டேப் நாலைந்து துண்டு ஒட்டியிருந்தது. அதைக் கத்தியால் சுரண்டி எறிந்தேன்.

கழுவி நிமிர்த்தினால் பளபளப்பு வந்தது. ஆனால் மெழுகுதிரித் தண்டு மாதிரி ஒரே மஞ்சளாக இல்லை. அங்கங்கே செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று துடைத்துப் பழையபடி மாட்டினேன்.

நான் கிளம்புகிற நேரம் மைக்செட்டுக்காரர் வந்தார். ஐம்பது வயதுக்காரர், வாய் ஓயாத மனிதர். பல வருஷமாக எங்கள் கோயிலுக்கு அவர்தான் மைக் கட்டுவார். டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஒயரை இழுத்துக்கொண்டே, "இன்னா ஆயா, நாளைக்கு உன்னியும் ஒரு பாட்டு பாட வுட்றலாமா? மைக்கு ரெடி" என்றார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

காலையில் நான் போகும்போது டிரம்ஸைச் சுற்றிக் கூட்டம். விழுப்புரத்துத் தம்பி பெரிய தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"யாரு இத்த தொட்டது?"

பாட்டுக் குழுப் பெண்களை ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லாரும் இல்லை என்றார்கள். கடைசியில் என்னைப் பார்த்து, "ஆயா, நீ பாத்தியா? யாராச்சும் கை வெச்சாங்களா?" என்றார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தது. வாயால்கூடச் சொல்லவில்லை.

ஒரு பெண், "சாயங்காலம் மைக்செட்டு அண்ணன்தான் இங்க ஒயரு இழுத்துக்கினு இருந்தாரு" என்றாள்.

மைக்செட்டுக்காரர் வந்ததும் தம்பி கத்த ஆரம்பித்தார். "யோவ், ஒயரு மொனையத் தொடைக்க ஏதோ மருந்து வெச்சிக்கினு இருப்பியே, அத்த போட்டுத் தேச்சியா?"

"நானா? நான் எதுக்குப்பா தேய்க்கிறேன்? நான் வந்தப்பவே பளபளன்னுதான் இருந்துச்சு. நீதான் தொடச்சேன்னு நெனச்சேன்."

"பொய் சொல்லாதய்யா! பதினெட்டு வருஷமா வெச்சிருக்கேன், நான் தொடைப்பேனா? உன்ன வுட்டா இங்க வேற யாரு வந்தது?"

"எங்கம்மா சத்தியமா நான் தொடலப்பா."

ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். மைக்செட்டுக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சுத்தமான இடத்தையே மறுபடி பெருக்கினேன்.

அன்றைய பூசையை நான் எப்படிச் சொல்வேன். 'உன்னதங்களிலே' பாட்டு தொடங்கும்போது தம்பி பெரிய தட்டை அடித்தார். வழக்கமாகக் கடல் அலை போல எழும்பி அடங்கும். அன்றைக்கு எவர்சில்வர் தட்டைச் சிமென்ட் தரையில் போட்ட மாதிரி கணீரென்று கிழித்துக்கொண்டு போனது. அடங்கவே இல்லை. சாமியார் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. தம்பி ஒவ்வொரு அடிக்கும் எட்டிக் கையால் தட்டைப் பிடித்து நிறுத்தினார். நான் தூணுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மெழுகுதிரித் தண்டும் பளபளவென்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

திருவிழாச் சாப்பாட்டுக்கு மைக்செட்டுக்காரர் உட்காரவில்லை. ஒயரைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"பொய் சொன்னேன் சாமி."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

யாரைப் பற்றி, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். என் தூணுக்குப் போய்ச் சேருவதற்குள் மூன்றும் முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் முடியக்கூடியதா அது என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் பூசைக்கு வேறு மைக்செட் வந்து இறங்கியது. ஏன் என்று பாட்டுக் குழுப் பெண்ணைக் கேட்டேன். "அந்த ஆளு வேணாம்னுட்டாங்க ஆயா. அடுத்தவங்க சாமான்ல கை வெச்சிட்டு, சத்தியம் வேற பண்றாராம்" என்றாள். பாலன் பிறப்புக் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

பொங்கல் கழித்து விழுப்புரம் பஸ் ஏறினேன். பாட்டுக் குழுப் பெண்ணிடம் தையல் கடைக்கு வழி கேட்டு வைத்திருந்தேன். கடைவாசலில் நின்றேன். உள்ளே தம்பி மெஷின் மிதித்துக்கொண்டிருந்தார். இரண்டு தரம் திரும்பிப் போய்விடலாம் என்று தெருமுனை வரை நடந்தேன். மூன்றாம் தரம் அவரே பார்த்துவிட்டார்.

"ஆயா! இன்னா இவ்ளோ தூரம்? ரவிக்கை தைக்கணுமா?"

"தட்டுங்கள நான்தான் தேச்சேன் தம்பி" என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

மெஷின் நின்றது. எதைப் போட்டுத் தேய்த்தேன் என்று கேட்டார். புளி, சாம்பல், இரும்பு நார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரும்பு நார் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது குத்துவிளக்கு இல்ல ஆயா" என்றார் கடைசியில். "அந்தக் கறுப்பு அழுக்கும் இல்ல. அடிச்சி அடிச்சி ஏறினது. அது ஏறினாத்தான் சத்தம் மெத்துன்னு வரும். சில பேரு பளபளன்னு வெச்சிக்குவாங்க, அது அவங்க இஷ்டம். நான் தொடைக்கவே மாட்டேன். அப்பிடியே தொடைச்சாலும் வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு சோப்பு, பழைய பனியன் துணி. அந்த வரி எப்பிடி ஓடுதோ அப்பிடியே சுத்திச் சுத்தித் தொடைக்கணும். குறுக்க தேய்க்கவே கூடாது. எழுத்து மேல கை படக் கூடாது."

"அடியில இருந்த டேப்பு..."

"சத்தம் அலறாம இருக்க நான்தான் ஒட்டினேன். அது போனா போவுது, வேற ஒட்டிக்கலாம்." என்னைப் பார்த்தார். "அன்னிக்கே ஏன் ஆயா சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு தம்பி."

"உனுக்கு வெக்கம். அந்தாளுக்கு மானமே போச்சே. நான்தானே கத்தினேன் அத்தினி பேரு எதிர்ல."

அவர் திட்டுவார் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனதைத் தேற்றிக்கொண்டு வந்தேன். திட்டவில்லை. சட்டையை மாட்டினார், கடையைப் பாதி இழுத்துச் சாத்தினார். "வா போலாம்" என்றார். எங்கே என்று கேட்கவில்லை. தெரிந்துதான் இருந்தது.

திண்டிவனம் பஸ் ஏறினோம்.

மைக்செட் கடை ஜனம் போய்வருகிற ரோட்டிலேயே இருக்கிறது. அவர் வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு பெரிய ஸ்பீக்கரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "யாரு, விழுப்புரத்து வித்வானா? இங்க மருந்து ஒண்ணும் இல்லப்பா, வேற கடை பாரு" என்றார்.

தம்பி, "அண்ணே, நான் தப்பா பேசிட்டேன்" என்று தொடங்கினார். நான் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, "நான்தான் தேச்சேன்" என்றேன்.

"இன்னா? கேக்கல."

"தட்டுங்கள நான்தான் தேச்சேன். கேட்டப்ப இல்லன்னு தலையாட்டிட்டேன்."

மைக்செட்டுக்காரர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "எம் பொண்டாட்டியே நம்பலம்மா" என்றார். "செய்யாமியா அவ்ளோ பேரு சொல்வாங்கன்னு கேட்டா. பெரிய பேஜாராப் போச்சு. நீ வந்து இங்க மூலையில நின்னு குசுகுசுன்னு சொல்றியா?" கையிலிருந்த மைக்கை என் முன்னால் நீட்டினார். "இந்தா, இதுல சொல்லு. ஊருக்கே கேக்கட்டும்."

அவர் கோபத்தில் சொன்னது. நான் வாங்குவேன் என்று நினைத்திருக்க மாட்டார். வாங்கிவிட்டேன். "நான்தான் தேச்சேன்" என்றேன். ஸ்பீக்கரிலிருந்து ஒரு கிழவியின் குரல் ரோட்டுக்குக் கேட்டது. அது என்னுடையது என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு ஆட்டோ நின்றது. "மைக்செட்டுக்காரரு தொடல. கோயில்ல..." என்று சொல்வதற்குள் அவர் பாய்ந்து சுவிட்சை அணைத்துவிட்டார்.

"போதும், போதும். இன்னா ஆயா, நெஜமாவே சொல்லிட்டே" என்றார். அவராலும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடமும் சொன்னேன், இந்தத் தடவை முழுசாக. ஈஸ்டருக்குப் பழைய மைக்செட்டே வந்தது.

இந்த வருஷத் திருவிழாவுக்கும் தட்டுகள் வந்தன. எழுத்து போனது போனதுதான். இரும்பு நார் போட்ட வெள்ளைக் கீறல்களும் அப்படியே இருந்தன. திட்டு மட்டும் கொஞ்சம் கறுக்கத் தொடங்கியிருந்தது. புதுசாக டேப் ஒட்டியிருந்தார். நான் ஒரு துப்பட்டியைப் போட்டு டிரம்ஸை மூடிவிட்டுச் சுற்றிலும் பெருக்கினேன்.

பூசைக்கு முன்னால் ஜனம் எல்லாம் வந்து, நானும் டிரம்ஸ் பக்கத்துத் தரையில் உட்கார்ந்த பிறகு மைக்செட்டுக்காரர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்... ஆயா, தட்டு கழுவியாச்சா?"

கோயில் முழுக்கச் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் எழுந்து தூணுக்குப் பின்னால் போகவில்லை. எல்லாருக்கும் தெரிகிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.