வலது கோடிக் கட்டைகள்

இரவை இசையாக எழுதச் சொல்லித்தரும் வகுப்பு மத்தியானம் மூன்று மணிக்கு நடந்தது. இசைப்பள்ளியில் பியானோ அறை காலியாகக் கிடப்பது அப்போதுதான். டீச்சர் திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். வாசிப்பவர் முடிக்கும்வரை திறக்கமாட்டார்.

"ராத்திரிய யாரும் பாத்து எழுத முடியாது. கேட்டுத்தான் எழுதணும்."

அவருடைய பாடம் அதுதான். இடது கை மெல்ல நடக்கட்டும், வலது கைக்கு அவசரம் வேண்டாம் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். டாக்ஸி ஓட்டுபவர், தையல்காரி, ஆஸ்பத்திரி நர்ஸ் என்று வேலைவெட்டி உள்ளவர்கள்தான் படிக்க வந்தார்கள். மற்ற நாட்களில் சின்னப் பிள்ளைகளுக்கு விரல் பயிற்சி; அது வயிற்றுப்பாட்டுக்கு. தான் உயிரோடு இருப்பது டீச்சருக்கு நினைவு வந்தது இந்த மத்தியானங்களில் மட்டும்தான்.

அன்று நர்ஸ் தன் இரவு வார்டை வாசித்தார். அடியில் இரண்டு சுரங்கள் தூங்குகிறவன் மூச்சு மாதிரி ஏறி இறங்கின. பிறகு அவையும் அடங்கின. டீச்சர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"கடைசில ஒண்ணுமே வாசிக்காம விட்டீங்க பாருங்க, அந்த மௌனம். அதுக்குத் தனித் தைரியம் வேணும்."

டாக்ஸிக்காரர் சிரித்தார். "டீச்சருக்குக் குசும்பப் பாரு. இவ்வளவு நேரம் மேல டிங் டிங்னு தட்டினது யாராம்?"

நர்ஸ் சிரிக்கவில்லை. "டீச்சர், கண்ண மூடியே வெச்சிருங்க. சத்தம் கேட்டா விரலத் தூக்குங்க."

பியானோவின் நடுக்கட்டையிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வலப்பக்கம் போனார். டீச்சரின் விரல் எழுந்தது, எழுந்தது, பிறகு மடியிலேயே தங்கிவிட்டது.

"ம், அடுத்தது வாசிங்க" என்றார் டீச்சர்.

"முடிஞ்சிருச்சு டீச்சர். கோடி வரைக்கும் போயிட்டேன்."

மேல் தந்திகள் செத்துவிட்டன என்று பியானோ சரிசெய்பவரிடம் சண்டை பிடித்து, இரண்டு பேரை மாற்றியது டீச்சருக்கு நினைவு வந்தது. இரண்டாமவர், "தந்தி நல்லாத்தாம்மா இருக்கு" என்று வெகு மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

காது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. நரம்பு போனால் போனதுதான், இன்னும் போகும். கருவி மாட்டினால் பேச்சு கேட்கும், இசை தகரத்தைத் தட்டுவது போல இருக்கும்.

வீட்டில் கணவர் காய் நறுக்கியபடி சொன்னார்: "முப்பது வருஷமா நான் சொல்றது உனக்குக் கேக்கல. எல்லா வீட்டுலயும் இப்படித்தான்னு விட்டுட்டேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறு ஏதோவாக மாறியது. கணவர் கத்தியை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

வகுப்பை டீச்சர் விடவில்லை. திரையை விலக்கி, கண்ணைத் திறந்து, விரல்கள் போகும் இடத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினார். கட்டை தெரிந்தால் சுரம் தெரியும். எவ்வளவு மென்மை, எப்போது கரைந்தது என்பதைக் கண் எப்படிச் சொல்லும்? ஊகித்துப் பேசினார். மாணவர்கள் தலையாட்டினார்கள்.

சில வாரம் கழித்துத் தையல்காரி, கடை அடைத்த தெருவைப் பற்றி எழுதியதை வாசித்தார். ஒரு சுரம்கூட விடாமல் டீச்சருக்குக் கேட்டது. மனசு துள்ளியது. அடுத்து டாக்ஸிக்காரர். அதுவும் முழுக்கக் கேட்டது. நர்ஸ் உட்கார்ந்தபோது டீச்சர் அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நடுவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனது, வேலியில் முட்டிய ஆடு போலத் திரும்பியது. வார்டு இசையில் அந்த மேல் சுரங்களைக் காணோம். மூன்று இரவுகளும் ஒரே கனத்த, மங்கிய இரவாகக் கிடந்தன.

மூவரும் பேசி வைத்துக்கொண்டு மேல் கட்டைகளை விட்டிருக்கிறார்கள். யார் முகத்திலும் கள்ளம் இல்லை, அக்கறைதான் இருந்தது. அதை எப்படித் திட்டுவது? மேலே போங்கள் என்றால் போவார்கள். போன பிறகு அவரால் என்ன சொல்ல முடியும்?

"எப்படி டீச்சர் இருக்கு?" என்றார் நர்ஸ்.

இத்தனை வருடத்தில் இந்த அறையில் டீச்சர் பொய் சொன்னதில்லை.

"நல்லா இருக்கு. எல்லாருதும் நல்லா இருக்கு" என்றார்.