மடங்காத வலது முட்டி

மும்பை சயான் பூங்காவில் காலை ஆறரைக்கு நடக்கும் இலவச யோகா வகுப்பில் சேர்ந்த இரண்டாம் நாளே, எனக்கு வலது பக்கம் பக்கவாதம் வந்துவிட்டதாக முழுமனதோடு நம்பினேன். உள்ளங்கால்கள் இரண்டையும் ஒட்டவைத்து, முட்டிகளைப் பட்டாம்பூச்சி இறக்கைபோல இருபுறமும் இறக்கச் சொன்னார்கள். இடது முட்டி சமர்த்தாகத் தரையைத் தொட்டது. வலது முட்டி, கூப்பிட்டது காதில் விழாதவன் மாதிரி அந்தரத்திலேயே நின்றது. கையால் அமுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. பக்கத்தில் எழுபது வயது மராட்டியப் பெரியவர் இரண்டு இறக்கையையும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தார்.

இடுப்பு வலிக்காகத்தான் டாக்டர் யோகா செய்யச் சொல்லியிருந்தார். தாராவியில் தோல் பர்ஸ் செய்யும் பட்டறையில், நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை எனக்கு. கால் போனால் உட்கார முடியாது; உட்கார முடியாவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். வாய் கோணியிருக்கிறதா என்று வழிநெடுகக் கண்ணாடிகளில் பல்லை இளித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு சலூன்காரர் பதிலுக்குச் சிரித்து, உள்ளே வரச் சொல்லி நாற்காலியைத் தட்டினார்.

பட்டறையில் என் பக்கத்து இடம் பீர் முகம்மதுவுடையது. அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான்.

"வலது பக்கம் போயிட்டு வேய்."

"எங்க போச்சு? காலைல அந்தக் கையாலதான நாலு வடை தின்னீரு?"

"வெளையாடாதியும். காலு மடங்க மாட்டேங்கு."

"வாய்க்கு ஒண்ணும் வரலயே, அதச் சொல்லும். நாளைக்கு அந்த டீச்சர்ட்டயே கேளும்."

டீச்சர் சவிதா தாயி, மராட்டிக்காரர்; தாயி என்றால் அவர்கள் மொழியில் அக்கா. மறுநாள் என் தாராவி இந்தியில், "ஆதா பாடி கதம்", பாதி உடம்பு போச்சு, என்றேன். அவர் பதறவே இல்லை. "அண்ணா, வேலையில் எப்படி உட்காருவீர்கள்? உட்கார்ந்து காட்டுங்கள்" என்றார் இந்தியில். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சோதிக்கிறார் போலும் என நினைத்து, இடது காலை மடக்கி, வலது முட்டியை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"எத்தனை வருஷமாக இப்படி?"

"இருபத்தாறு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சின்ன அறையில் ஒரே வரிசையாக ஆறு பேர். எல்லோரும் சம்மணம் போட்டால் இடம் கொள்ளாது. அதனால் ஆறு வலது முட்டிகளும் நிமிர்ந்தே நிற்கும். அந்த முட்டிமேல் தோலை வைத்துப் பசை தடவுவோம். அதே வழக்கத்தில் ஊரில் கல்யாண வீட்டின் அகலமான ஜமுக்காளத்திலும் ஒடுங்கி உட்காருவேன். "என்ன மாப்ளே, ரயில்லயா வார? நல்லா விரிஞ்சு உக்காரு" என்று மச்சான் கேலி பேசுவார். மும்பைக்காரன் பந்தா என்று நினைத்தாரோ என்னவோ.

புதிதாக யோகா தொடங்குகிறவர்களுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். வெறும் வயிற்றோடு போங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். வலிக்கிற இடத்தில் நிறுத்துங்கள். எழுபது வயதுக்காரர் பக்கம் மட்டும் திரும்பாதீர்கள். மூன்று மாதத்தில் எனக்கு இடுப்பு வலி பாதிக்கு மேல் குறைந்தது. படுத்ததும் தூக்கம் வருகிறது. முட்டிக்கு சவிதா தாயி சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: பாதி நாள் கால் மாற்றி உட்காருங்கள்.

சொல்வது சுலபம். நான் மட்டும் இடது முட்டியைத் தூக்கினால் அது பீர் முகம்மதுவின் முட்டியில் இடித்தது. "உமக்கு வராத நோய்க்கு நான் கால மாத்தணுமா வேய்?" என்று கேட்டுவிட்டு மாற்றினார். அவர் முட்டி அடுத்தவரை இடித்தது, அவரும் மாற்றினார். இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரிசையில் ஆறு பேரும் இடது முட்டியைத் தூக்குகிறோம். போன மாதம் ஊருக்குப் போனபோது இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வலது முட்டிக்கும் தரைக்கும் இடையே நாலு விரல் இடைவெளிதான் இருந்தது.